தர்மபுரியில் லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: 26,500 ரூபாய் கொடுத்து நாங்கள் ஏமாந்தது

கல்லூரி அட்மிஷன் நடக்கிற நேரம் என்பதால் இதைத் தள்ளிப்போடாமல் எழுதுகிறேன். போன வருடம் இதே நாட்களில்தான் என் தங்கைக்கு லேப்டாப் வாங்க அப்பாவும் நானும் தர்மபுரி டவுனுக்குப் போனோம். கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை, புகார் கொடுத்திருக்கிறோம். ஆனால் அங்கே நடந்ததை முழுவதுமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே மாதிரி விற்கிற கடை ஒன்றே ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றவில்லை.

தங்கைக்குச் செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது. பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறாள், பாதி நாள் நின்றுகொண்டுதான். அதனால் கடைக்காரரிடம் இரண்டே விஷயம் கேட்டோம். தூக்கிக்கொண்டு போக லேசாக இருக்க வேண்டும், நான்கு மணி நேரமாவது சார்ஜ் நிற்க வேண்டும். கையில் இருந்தது 27,000 ரூபாய். அந்த வருடம் தக்காளிக்கு ஓரளவு விலை கிடைத்தபோது அப்பா தொடாமல் எடுத்து வைத்த பணம்.

அவர் 14 இன்ச் லேப்டாப் ஒன்றை எடுத்து வைத்தார். "இது கம்பெனி மாடல் தம்பி, வெளியே 60,000-க்குக் குறைஞ்சு கிடைக்காது. ஐ5, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. பெங்களூர்ல இருந்து நேரா எடுக்கிறோம், அதான் இந்த விலை. பாப்பாவுக்கு நாலு வருசம் தாராளமா வரும்" என்றார். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "புதுசுதானேப்பா?" என்று. "புதுசுதாங்கய்யா, ஷோரூம்ல டிஸ்ப்ளேக்கு வச்சிருந்தது, பெட்டி மட்டும் இல்ல" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பதிலை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. மேலே பளபளவென்று ஐ5 ஸ்டிக்கர், கீபோர்டில் ஒரு கீறல் இல்லை, விண்டோஸ் 11 ஓடிக்கொண்டிருந்தது. 26,500-க்கு முடித்தோம். 10,000 ஜிபேயில், மீதி ரொக்கம். வெள்ளைச் சீட்டில் எழுதி, ஓரத்தில் 'ஒரு வருட வாரன்டி' என்று பேனாவால் குறித்துக் கொடுத்தார்.

மூன்றாவது வாரமே தங்கை போன் செய்தாள். "அண்ணா, லேப்ல பிளக் இல்லாத பெஞ்சுல உட்கார்ந்தா ஒரு மணி நேரம்கூட நிக்கல." புதுப் பேட்டரி ஏன் இப்படி ஆகிறது என்று அவளுடைய சீனியர் ஒருவர் வாங்கிப் பார்த்திருக்கிறார். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும், அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் ப்ராசஸரின், அதாவது லேப்டாப்பின் மூளை மாதிரி வேலை செய்கிற சிப்பின், முழுப் பெயர் இருக்கும். எங்களுடையதில் ஐ5-6300யூ என்று இருந்தது. இன்டெல் கம்பெனி ப்ராசஸரில் ஆறாம் தலைமுறை. அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்தது 2015-இல், அப்போது என் தங்கை ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

ஐ5 என்ற பெயரை மட்டும் நம்பியதுதான் நான் செய்த பெரிய தவறு. ஐ5 என்பது ஒரு வரிசையின் பெயர், அவ்வளவுதான், அது பத்து வருடத்துக்கு முன்னாலும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பின்னால் வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 6300, 7200 என்றால் ஆறு, ஏழாம் தலைமுறை. 1135, 1235 என்று 11, 12-இல் தொடங்கினால் பதினொன்று, பன்னிரண்டாம் தலைமுறை. எங்களுடைய 6300யூவில் கோர், அதாவது வேலையைச் செய்கிற பகுதி, இரண்டுதான். பன்னிரண்டாம் தலைமுறை ஐ3-1215யூவில் ஆறு கோர் இருக்கிறது. அதாவது ஐ5-க்குக் கீழே உள்ள வரிசை என்று நாம் நினைக்கிற ஐ3-கூட நாங்கள் வாங்கிய ஐ5-ஐவிட எவ்வளவோ மேல். இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

விண்டோஸ் விஷயமும் அப்படித்தான். இன்டெல் ப்ராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு தருகிறது. ப்ராசஸர் பொருந்துமா என்று விண்டோஸ் 11 ஏற்றும்போது நடக்கும் சோதனையைத் தாண்டிப் பழைய லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள், லைசென்ஸும் உண்மையானது இல்லை. சரி, பழையபடி விண்டோஸ் 10 போட்டுக்கொள்ளலாம் என்றால் அதற்கான ஆதரவையும் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தோம். விண்டோஸிலேயே அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது, யூடியூபில் 'பேட்டரி ரிப்போர்ட்' என்று தேடினால் இரண்டு நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். டிசைன் கெப்பாசிட்டி, அதாவது புதிதாக இருந்தபோது பேட்டரி தாங்கும் அளவு, 47,000-க்குப் பக்கம்; ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி, அதாவது இப்போது தாங்கும் அளவு, 16,000-க்கும் கீழே. மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். அடியில் இருந்த சீரியல் எண்ணைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் போட்டுப் பார்த்தால் வாரன்டி 2020-இலேயே முடிந்திருந்தது. ஏதோ அலுவலகத்தில் பல வருடம் ஓடி ஓய்ந்ததைத் துடைத்து, கீபோர்டு மாற்றி, ஸ்டிக்கர் ஒட்டிப் புதியது என்று விற்றிருக்கிறார்கள்.

கடைக்குத் திரும்பப் போனேன். முதலில் "பேட்டரிக்கு வாரன்டி கிடையாது தம்பி" என்றார். புதியது என்று சொன்னீர்களே என்று கேட்டதற்கு, "இந்த விலைக்குப் புதுசு எப்படி வரும், உங்களுக்கே தெரிய வேணாமா" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். கடைசியில் 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டு வேறு பேட்டரி போட்டுக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டது, கிளிக் ஆகவில்லை. கழற்றிப் பார்த்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. லித்தியம் பேட்டரி உப்பினால் தீப்பிடிக்கவும் செய்யும். அதைத்தான் அவள் பையில் வைத்துக் கூட்டமான பஸ்ஸில் தினமும் போய் வந்திருக்கிறாள். பணம் போனதைவிட இதுதான் எங்கள் அம்மாவை உலுக்கிவிட்டது. டச்பேட் மேடாகத் தெரிந்தால் உடனே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், நீங்களே குத்தவோ அமுக்கவோ செய்யாதீர்கள்.

பழைய லேப்டாப் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கம்பெனிகள் மூன்று, நான்கு வருடத்தில் கழித்துவிடும் லேப்டாப்கள் நல்லவையாகவும் கிடைக்கும், பழையது என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் ஏழை மாணவர்களுக்கு அது பெரிய உதவி. எட்டாம் தலைமுறைக்குக் கீழே மட்டும் தொடாதீர்கள். கடையில் நிற்கும்போதே சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஒரு வீடியோ ஓட விடுங்கள், எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று பாருங்கள். அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்கிரீனில் 1920-க்கு 1080 புள்ளி (பிக்சல்) இருக்கிறதா என்று கேளுங்கள், பழைய மாடல் பலவற்றில் 1366-க்கு 768தான், ப்ரோகிராம் எழுதும்போது பாதி வரிகூடத் தெரியாது. எடையை சார்ஜரோடு சேர்த்துப் பையில் போட்டுத் தூக்கிப் பாருங்கள். மெல்லிய லேப்டாப் என்றால் ரேம் (ஓடும்போது பயன்படும் மெமரி) கழற்ற முடியாதபடி போர்டிலேயே சால்டர் செய்ததா, பின்னால் கூட்ட முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட, ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். அதில் மாடலும் சீரியல் எண்ணும், புதியதா பழையதா என்பதும் எழுதியிருக்க வேண்டும். எங்கள் வெள்ளைச் சீட்டில் 'லேப்டாப் 1' என்று மட்டும் இருக்கிறது. நல்லவேளையாக அந்த ஜிபே பதிவு இருந்தது, இல்லையென்றால் அந்தக் கடையில் வாங்கினோம் என்பதையே நிரூபித்திருக்க முடியாது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்தேன், தமிழிலேயே பேசினேன். அதற்குக் கடைக்காரர் சரியான பதில் தராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தங்கை இப்போது கல்லூரி லேபில் மாலை வரை இருந்து வேலையை முடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் வருகிறாள்.

பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் யாராவது இந்த வாரம் வாங்கப் போகிறீர்கள் என்றால், பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த டாஸ்க் மேனேஜர் பக்கத்தையும் பேட்டரி ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். நைட் ஷிப்டில் இருந்தால் பதில் கொஞ்சம் தாமதமாகும், அதுவரை காத்திருங்கள்.