ஒரே சொல், ஐந்து வேலை: ஓர் அகராதிச் செயலி

மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. எட்டு மாதமாக இந்த ஆங்கில அகராதிச் செயலியோடுதான் குடித்தனம். 'ரவுண்ட்' என்று தட்டினால் பெயர், வினை, பெயரடை, வினையடை, முன்னிடைச்சொல் (பெயருக்கு முன் வரும் 'இன்', 'ஆன்' போன்ற சொல்) என ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் தருகிறது. நம் 'அடி' மாதிரிதான். 'அவனை அடி' என்றால் வினை, 'அடி விழுந்தது' என்றால் முதனிலைத் தொழிற்பெயர், அதாவது வினையின் பகுதியே பெயராக நிற்பது. ஆனால் ஆங்கிலக்காரர்கள் இதில் அடங்கவே மாட்டார்கள்: 'டவுன்' (down) வினையானால் மடமடவெனக் குடித்து முடிப்பது, பெயரானால் பறவையின் மென்தூவி!

கோளாறு ஒலிப்பில். 'ரெக்கார்ட்' பெயராக வந்தால் முதல் அசையில் அழுத்தம், வினையானால் இரண்டாவதில். ஆனால் செயலியில் பெயருக்கும் வினைக்கும் உள்ள இரண்டு ஒலிப்புப் பொத்தானும் பெயரையே ஒலிக்கின்றன. இருமுறை எழுதிவிட்டேன், பதிலே இல்லை. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம்.