யுபிஐல பணம் வந்தா சத்தமா சொல்ற சவுண்ட் பாக்ஸ் கடைக்கு வாங்கலாமா? என் ரெண்டு வருஷ அனுபவம்

ஈரோட்ல இட்லி மாவு கடை வச்சிருக்கேன். ரெண்டு கிரைண்டர், நானு, வீட்டுக்காரரு, மாவு அள்ளிப் போட ஒரு அக்கா. சாயங்காலம் 5ல இருந்து 8 வரைக்கும் தான் மொத்த வியாபாரமும், அந்த நேரத்துல கையெல்லாம் மாவு, போனத் தொட்டு பணம் வந்துச்சான்னு பாக்கவே முடியாது. கஸ்டமர் போன நீட்டுவாங்க, பச்சை டிக் தெரிஞ்சா சரிங்கன்னு அனுப்பிடுவேன். ஒரு நாள் கணக்கு பாத்தா 340 ரூபா இடிக்குது, யாரோ பழைய ஸ்கிரீன்ஷாட்ட காட்டிட்டு போயிருக்காங்க. பணம் போனது கூட பரவால்ல, அதுக்கப்புறம் ஒரு வாரம் வர்றவங்க போனையெல்லாம் உத்து உத்து பாத்தேன், தினம் வர்ற டீச்சரம்மா "ஏங்கண்ணு, எம்மேலயே சந்தேகமா"ன்னு கேட்டப்போ மனசே உடைஞ்சு போச்சு.

அப்புறம் தான் பாக்ஸ் வாங்கினேன். உள்ளயே சிம் இருக்கு, நம்ம போன் ஆஃப்ல இருந்தாலும் எவ்வளவு வந்துச்சுன்னு தமிழ்ல சொல்லிடும். இப்ப யார் போனையும் பாக்கறதில்ல, பேசிக்கிட்டே மாவு போடறேன். பேங்க் அக்கவுண்ட்ல இருந்து யுபிஐல வர்ற பணத்துக்கு கடைக்காரங்ககிட்ட கமிஷன் கிடையாது, 2020 ஜனவரில இருந்தே அப்படித்தான், பாக்ஸுக்கு மட்டும் மாசம் 100 ரூபா வாடகை, ஜிஎஸ்டி சேத்து 118. குறைன்னா, ஒரு மாசம் வாடகைய ரெண்டு தடவ எடுத்துட்டாங்க, திரும்ப வாங்க மூணு வாரம் போன் போட்டேன். மழை நாள்ல சிக்னல் இல்லாம ஆள் தெருமுனை தாண்டினப்புறம் தான் பேசும்.

முக்கியமா ஒண்ணு சொல்லணும். சித்தாள் வேலைக்கு போற ஒரு அக்கா 10 ரூபாய்க்கு மாவு வாங்குவாங்க. பாக்ஸ் வந்த புதுசுல ஃபுல் சவுண்டு வச்சிருந்தேன், வரிசைல முன்னாடி நின்னவங்களுக்கு 80, 120ன்னு சொன்ன பாக்ஸ் இவங்களுக்கு "பத்து ரூபாய்"னு கத்துச்சு, எல்லாரும் திரும்பி பாத்தாங்க. அந்தக்கா முந்தானையால வாய மூடிக்கிட்டு வேகமா போயிட்டாங்க, மறுநாள்ல இருந்து சில்லறையா தான் கொண்டு வந்தாங்க. எனக்கு அது ரெண்டு நாள் கழிச்சு தான் உறைச்சுது. உடனே சவுண்ட நல்லா குறைச்சு, பாக்ஸ கல்லாவுக்குள்ள என் பக்கமா திருப்பி வச்சேன். இப்ப மறுபடியும் ஸ்கேன் பண்றாங்க. நம்ம சவுகரியத்துக்கு வாங்கி வைக்கிற பொருள் எதிர்ல நிக்கிறவங்கள என்ன பண்ணுதுன்னு யாவாரி தான் பாக்கணும், கம்பெனிக்காரன் வந்து சொல்ல மாட்டான்.

2025ல பெங்களூர்ல சின்ன கடைக்காரங்களுக்கு யுபிஐ வரவ வச்சு ஜிஎஸ்டி நோட்டீஸ் போச்சுல்ல, நிறைய பேர் க்யூஆர கழட்டிட்டு கேஷ் மட்டும்னு போர்டு மாட்டினாங்க. பக்கத்து கடை அண்ணன் என்னையும் கழட்ட சொன்னாரு. நான் கழட்டல. நம்ம தமிழ்நாட்டுல பொருள் விக்கிறவங்களுக்கு வருஷம் 40 லட்சம் யாவாரம் வரைக்கும் ஜிஎஸ்டில ரிஜிஸ்டர் பண்ண வேண்டியதில்ல, நம்ம யாவாரம் அதுல பாதி கூட வராது. அதோட ரெண்டாவது கிரைண்டருக்கு லோன் கிடைச்சதே அக்கவுண்ட்ல தினம் பணம் ஏறின ஸ்டேட்மென்ட்ட காட்டித்தான், கேஷா வாங்கி கல்லால போட்டிருந்தா மேனேஜர் நம்பியிருப்பாரா?

தாராளமா வாங்குங்க. வாடகை எவ்வளவு, திருப்பிக் குடுத்தா டெபாசிட் வருமான்னு மட்டும் எழுதி வாங்கிக்கோங்க. சில்லறை டப்பாவ எடுத்துடாதீங்க, சுருக்குப் பையில இருந்து எண்ணி எண்ணி குடுக்கற ஆயாங்க எங்க கடைக்கே தினம் நாலஞ்சு பேர் வர்றாங்க.