ஆதார் மறைப்பு நகலும் பயோமெட்ரிக் பூட்டும்: சில ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

திருப்பூரில் பனியன் தொழிலை நம்பிப் பிழைப்பவர்களிடம் ஆதார் நகல் கேட்காத இடம் குறைவு. வாடகை வீடு, புதுக் கம்பெனியில் வேலை, கோவை காந்திபுரத்தில் ஓர் இரவு அறை என எதற்குப் போனாலும் ஒரு ஜெராக்ஸ் கொடுத்தாக வேண்டும். கொடுத்த தாள் பிறகு எங்கே போகிறது என்பது கொடுத்தவருக்குத் தெரியாது. ஆதார் ஆணையம் இதற்காக இலவசமாகத் தரும் இரண்டு வசதிகளைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன்.

முதலாவது மறைப்பு ஆதார். 12 இலக்கங்களில் முதல் 8 மறைக்கப்பட்டு, கடைசி 4 மட்டுமே தெரியும். ஆணையத்தின் இணையதளத்தில் ஓடிபி மூலம் எளிதாகப் பதிவிறக்கலாம். சிரமமெல்லாம் அதை நீட்டும் இடத்தில்தான். "ஏனுங்க, நம்பர் முழுசா இல்லீங்களே, இது செல்லாதுங்க" என்று விடுதி வரவேற்பில் சொல்வார்கள். அமைதியாக விளக்கினால் பாதிப் பேர் ஏற்றுக்கொள்கிறார்கள். நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், மறைப்பு ஆதாரைக் கொடுங்கள் என்று 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் வெளியிட்ட அறிவிப்பு இரண்டே நாளில் திரும்பப் பெறப்பட்டது. குழப்பம் தீராததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

அச்செடுப்பதிலும் கவனம் தேவை. ஜெராக்ஸ் கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் வாட்ஸ்அப் எண்ணுக்குக் கோப்பை அனுப்பினால், கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் பகுதியில் ஊரார் ஆவணங்களோடு நம்முடையதும் தங்கிவிடுகிறது. கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று நிம்மதி கொள்வதற்கில்லை. ஆங்கிலத்தில் பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் அது, அதையும் கடைக்காரரிடம் நாமே சொல்லித்தான் அச்செடுக்கிறோம். மறைப்பு நகலை மட்டும் அனுப்புவதும், அச்சானதும் அங்கேயே நின்று அழிக்கச் சொல்வதும் எனக்கு வழக்கமாகிவிட்டன.

இரண்டாவதான பயோமெட்ரிக் பூட்டையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை ஆகியவை இருந்தால் ஓடிபி இல்லாமலே வங்கி முகவரின் சிறு கருவியில் பணம் எடுக்க முடியும் என்பதால், சொத்துப் பதிவுப் பத்திரங்களிலுள்ள ரேகையைப் போலியாக வார்த்துப் பணம் எடுத்த வழக்குகள் நாட்டின் பல பகுதிகளில் பதிவாகியுள்ளன. ஆணையத்தின் கைபேசிச் செயலியில் பூட்டிவிட்டால் ரேகை, கருவிழி, முகம் ஆகிய எதைக் கொண்டும் சரிபார்க்க முடியாது. ஓடிபி வழி மட்டும் திறந்திருக்கும். கடந்த ஆறு மாதங்களில் நம் எண் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் கிடைப்பதால், மாதம் ஒருமுறை அதைப் பார்த்துவிடுகிறேன்.

குறை தெரிவது ரேஷன் கடையில்தான். பூட்டியிருக்கும்போது விரல் வைத்தால் கருவி ஏற்காது. வரிசையில் நின்றபடி செயலியைத் திறந்து தற்காலிகமாக விடுவிக்க வேண்டும், சற்று நேரத்தில் அது தானே பூட்டிக்கொள்ளும். சிக்னல் இல்லாத நாளில் பின்னால் நிற்பவர்களின் முணுமுணுப்பையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கைரேகை வைத்து முதியோர் உதவித்தொகை வாங்கும் பெரியவர்களுக்கு, பதிவான கைபேசி மகனிடமோ மகளிடமோ வெளியூரில் இருக்குமானால், இந்தப் பூட்டை நான் பரிந்துரைப்பதில்லை.