படம் காற்றில் வந்துவிடும், ஐந்து ஸ்பீக்கரும் பேசுமா?

பெங்களூரில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் சொல்லாமலே புரியும். கணினி படிப்பறையில் இருக்கிறது. டிவி, ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்குத் தரும் ரிசீவர், ஸ்பீக்கர்கள் எல்லாம் ஹாலில். நடுவில் ஒரு சுவர். அதில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். காலி செய்யும்போது பெயின்ட் செலவென்று முன்பணத்தில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இந்த ஊரில் பரவலான வழக்கம். துளையும் இருந்தால் அதற்குத் தனியாகப் பேச்சு வரும். எனவே கணினியில் உள்ள படத்தையும் 5.1 ஒலியையும் (ஐந்து ஸ்பீக்கருக்கும், ஆழ்ந்த ஒலிக்கான சப்வூஃபருக்கும் தனித்தனியாகப் போகும் ஆறு சேனல் ஒலி) கம்பியில்லாமல் ஹாலுக்குக் கொண்டுபோக என்னென்ன வழி உண்டு என்று தேடினேன். அல்சூரில் இருக்கும் எங்கள் வீட்டில் சிலவற்றை வைத்துப் பார்த்து, கடைசியில் ஒன்றில் நிலைத்துவிட்டேன்.

அது எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினித் திரையை அப்படியே அனுப்பும் வழிகளை விட்டுவிட்டு, படக் கோப்பை மட்டும் வைஃபை வழியாக, ரிசீவரோடு இணைந்த ஒரு சின்னப் பெட்டிக்கு அனுப்புகிறேன். சினிமா பார்ப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

விலை, இணைப்பதில் உள்ள எளிமை, படத்தின் தெளிவு ஆகியவற்றை அதிகம் அலச வேண்டியதில்லை. இன்று கிடைக்கும் எந்த வழியிலும் 1080பி படம் பார்க்கும்படியாகவே வருகிறது. முடிவைத் தீர்மானிப்பது ஒலி. குறிப்பாக, கணினியிலிருந்து கிளம்பிய ஆறு சேனல்களில் எத்தனை ரிசீவரை வந்து சேர்கின்றன என்பது.

இதைக் கண்டுபிடிக்கக் காதை மட்டும் நம்பினால் போதாது. பல ரிசீவர்களின் முகப்பில் சின்னச் சின்ன எழுத்துகள் எரியும்: எல், சி, ஆர், எஸ்எல், எஸ்ஆர், எல்எஃப்இ (இடது, நடு, வலது, பின் இடது, பின் வலது, ஆழ்ந்த ஒலி). உள்ளே வரும் ஒலியில் எந்தெந்தச் சேனல்கள் இருக்கின்றன என்பதை அவை காட்டும். திரையை நகலெடுத்து அனுப்பும் முறைகளில் பெரும்பாலும் எல், ஆர் இரண்டு மட்டுமே எரிகின்றன. ஆனால் ஐந்து ஸ்பீக்கரிலும் சத்தம் கேட்கும்! ரிசீவர் தானாகவே இரண்டு சேனலை ஐந்தாக விரித்துக் கொடுப்பதுதான் காரணம். பின்னால் ஏதோ கேட்கிறதே, 5.1 வந்துவிட்டது என்று பலர் நிறைவடைந்துவிடுகிறார்கள். மழைக் காட்சியில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். உண்மையான 5.1இல் மழை தலைக்குப் பின்னால் தனியாகப் பெய்யும், வசனம் நடு ஸ்பீக்கரில் அசையாமல் நிற்கும். விரித்துக் கொடுத்த ஒலியில் வசனத்தின் நிழலும் சேர்ந்து பின்னால் அலையும்.

ஏன் இரண்டு சேனலோடு நின்றுவிடுகிறது? ஒரு சின்னக் கணக்கு. 1920க்கு 1080 புள்ளிகள், ஒரு புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 படம் என்று பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 3 கிகாபிட் வருகிறது. வீட்டு வைஃபை சுவரைத் தாண்டிய பின் சில நூறு மெகாபிட் தந்தாலே பெரிய விஷயம். ஆகவே படத்தை அந்தந்த நொடியே கடுமையாகச் சுருக்கி அனுப்பி, அந்தப் பக்கம் விரித்தாக வேண்டும். ஒலியின் கதை வேறு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஆறு சேனல் என்றால் சுருக்காமலே நொடிக்கு 7 மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். சுருக்காத படத்தில் நானூறில் ஒரு பங்குகூட இல்லை. டால்பி டிஜிட்டல் என்ற ஒலிச் சுருக்க முறையில் சுருக்கினால் 640 கிலோபிட் போதும். அதாவது, பாரமே இல்லாத சரக்கைத்தான் வழியில் இறக்கிவிடுகிறார்கள். இது எனக்கு இன்றும் ஆற்றாமையாகவே இருக்கிறது.

கணினித் திரையை வைஃபையில் டிவிக்கு அனுப்பும் தரமான, வைஃபை அலையன்ஸ் 2012இல் சான்றளிக்கத் தொடங்கிய மிராகாஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் 8.1 முதல் இது உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் விசையோடு கே விசையை அழுத்தினால் டிவியின் பெயர் வந்து நிற்கும், தனிச் செலவு கிடையாது. இந்தத் தரத்தில் கட்டாயம் என்று வைத்திருப்பது இரண்டு சேனல் ஒலியை மட்டுமே. பல சேனல் ஒலி விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. விருப்பம் என்றால் தயாரிப்பாளர்கள் செய்வதில்லை. எங்கள் வீட்டு டிவியிலும் எல், ஆர் மட்டும்தான் எரிந்தன. ஊரிலிருந்து வந்தவர்கள் கல்யாணப் படங்களைக் காட்ட, அலுவலக விளக்கப்படத்தைப் பெரிய திரையில் போட, மிராகாஸ்ட் தாராளமாகப் போதும். சினிமாவுக்கு வேண்டாம்.

சிலர் ஒரு குறுக்கு வழி சொல்கிறார்கள்: படம் மிராகாஸ்ட்டில், ஒலி புளூடூத்தில். புளூடூத்தில் வழக்கமாகப் போவதும் இரண்டு சேனல்தான் என்பது ஒரு பக்கம். இரண்டும் வேறு வேறு வழியில் வந்தால் உதட்டசைவும் குரலும் விலகும் என்பது பெரிய தொல்லை. ரிசீவரில் உள்ள லிப் சிங்க் அமைப்பு ஒலியைத் தாமதப்படுத்த மட்டுமே உதவும். ஒலி ஏற்கெனவே பின்தங்கி வந்தால் அதனால் ஒன்றும் செய்ய இயலாது.

அடுத்தது, ஒரு ஜோடியாக விற்கும் கம்பியில்லா எச்டிஎம்ஐ கருவிகள். ஒன்றைக் கணினியில் செருக வேண்டும், மற்றொன்றை ரிசீவரில். பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடில் சில கடைகளில் விசாரித்தேன். தமிழ் பேசும் ஒரு கடைக்காரர் நேர்மையாகவே சொன்னார்: “சார், படம் நன்றாக வரும், ஒலி ஸ்டீரியோதான். 5.1 என்று நம்பி வாங்குகிறவர்கள் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.” இதற்கும் காரணம் உண்டு. எச்டிஎம்ஐ இணைப்பில் எதிரே இருக்கும் கருவி, தன்னால் என்னென்ன வாங்கிக்கொள்ள முடியும் என்று முதலில் கணினிக்கு ஒரு பட்டியல் தரும். இடிஐடி என்று பெயர். விலை குறைந்த கருவிகள் அந்தப் பட்டியலில் இரண்டு சேனல் என்றே எழுதி வைத்திருக்கின்றன. கணினியும் அதை நம்பி அதற்கு மேல் அனுப்புவதில்லை. பெட்டியின் மேல் எவ்வளவு பெரிய எழுத்தில் 4கே என்று அச்சிட்டிருந்தாலும் இது மாறாது.

வாங்குவதானால் கடையிலேயே மடிக்கணினியை இணைத்துப் பார்த்துவிடுவது நல்லது. விண்டோஸில் சவுண்ட் அமைப்பைத் திறந்து, பிளேபேக் பட்டியலில் அந்த எச்டிஎம்ஐயைத் தேர்ந்து, கான்ஃபிகரை அழுத்துங்கள். 5.1 சரவுண்ட் என்ற வரி அங்கே இருந்தால் நாற்காலியைச் சுற்றி ஸ்பீக்கர் படங்கள் தெரியும். ஒவ்வொன்றையும் தொட்டால் அதனதன் ஒலி வரும். ஸ்டீரியோ என்ற ஒரே வரி மட்டும் இருந்தால் பணத்தை எடுக்க வேண்டாம்.

இங்கே இன்னொரு கண்ணியையும் சொல்ல வேண்டும். வாங்கும் கருவியை டிவியில் செருகி, டிவியிலிருந்து ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கம்பியிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ரிசீவருக்கு ஒலியை எடுப்பவர்கள் அதிகம். 2009இல் எச்டிஎம்ஐ 1.4ஓடு வந்த பழைய ஏஆர்சியில் டால்பி டிஜிட்டல் போன்ற சுருக்கிய 5.1 போகும். சுருக்காத பிசிஎம் என்றால் இரண்டு சேனல்தான். கணினி விளையாட்டுகளின் ஒலி பெரும்பாலும் பிசிஎம்மாகவே வெளியே வருகிறது. 2017இல் எச்டிஎம்ஐ 2.1ஓடு வந்த இஏஆர்சி இந்தக் குறையைத் தீர்த்தது, ஆனால் டிவி, ரிசீவர் இரண்டிலும் அது இருந்தாக வேண்டும். அதனால், எந்தப் பெட்டியானாலும் ரிசீவரில் நேராகச் செருகுங்கள். டிவிக்குப் படம் ரிசீவரிலிருந்து போகட்டும்.

இனி நான் தேர்ந்த வழி. என்னிடம் உள்ள டிஸ்க்குகளிலிருந்து ஏற்றிய படங்கள் கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. அந்தக் கோப்புறையை வீட்டு நெட்வொர்க்கில் பகிர்ந்து வைத்திருக்கிறேன். ஹாலில் ரிசீவரில் செருகிய ஆண்ட்ராய்டு டிவி பெட்டியில் கோடி என்னும் இலவசச் செயலி இருக்கிறது. அது கோப்பை எடுத்து, படத்தைத் தானே விரித்து, ஒலியைத் தொடாமல் ரிசீவரிடம் ஒப்படைக்கிறது. கணினியின் வேலை கோப்பை எடுத்துக் கொடுப்பதோடு முடிந்தது. திரையைச் சுருக்குவது, மறுபடி விரிப்பது எதுவுமே நடப்பதில்லை. டிஸ்க்கில் ஒலி எப்படி இருந்ததோ அப்படியே ரிசீவருக்கு வருகிறது. ஆறு எழுத்தும் எரிகின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அவசரம் இல்லாத தன்மை. திரையை அனுப்பும்போது ஒவ்வொரு நொடியும் அந்த நொடியே போய்ச் சேர வேண்டும்; பக்கத்து வீட்டு ரூட்டர் குறுக்கிட்டால் உடனே படம் கட்டம் கட்டமாக உடையும். கோப்பு அப்படியல்ல. பெட்டி முன்கூட்டியே கொஞ்சம் வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வைஃபை சற்றுத் திணறினாலும் படம் பார்ப்பவருக்குத் தெரியாது. படமும் ஒலியும் ஒரே பெட்டியிலிருந்து கிளம்புவதால் உதட்டசைவும் விலகுவதில்லை.

வேகமும் அவ்வளவு தேவையில்லை. 1080பி புளூ-ரேயில் படத்துக்கு உச்ச அளவே நொடிக்கு 40 மெகாபிட். 4கே டிஸ்க் 128 மெகாபிட் வரை போகலாம். முதலாவதை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சுவருக்கு அப்பாலும் எளிதாகச் சுமக்கும். இரண்டாவதற்கு ரூட்டர் பக்கத்தில் இருப்பது நல்லது. அடுக்குமாடி வீட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸை மறந்துவிடலாம். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் 1, 6, 11 என்று மூன்றுதான்; அந்த மூன்றையும் அக்கம்பக்கத்து வீடுகளே நிரப்பிவிடும். 5 கிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 2018இல் உரிமமில்லாமல் பயன்படுத்தக் கூடுதல் இடம் திறந்துவிட்டதால் அங்கே நெரிசல் குறைவு. மின்சாரம் போய்வரும் ஊர் என்பதால் ரூட்டரையும் இன்வெர்ட்டரில் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் படம் நடுவில் நின்று, ரூட்டர் எழுந்துவரும் வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. கோடியில் ஒலி அமைப்புக்குள் பாஸ்த்ரூ என்பதை இயக்கினால்தான் ஒலி தொடப்படாமல் போகும். உங்கள் பெட்டிக்கு டிடிஎஸ் என்ற மற்றொரு ஒலி வகையை அனுப்பத் தெரியாவிட்டால், அதை டால்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்பும் வசதியும் அங்கேயே இருக்கிறது. ஜெல்லிஃபின், பிளெக்ஸ் போன்ற சர்வர் மென்பொருள்களை வைப்பவர்கள் டைரக்ட் பிளே (கோப்பை மாற்றாமல் அனுப்புவது) என்று காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டிக்கு ஒத்துவராத கோப்பைச் சர்வர் மாற்றி அனுப்பத் தொடங்கினால் ஒலி மறுபடி இரண்டு சேனலாகச் சுருங்கக்கூடும். அடுத்தது, பெட்டிக்குப் பதிலாகச் செருகும் சின்ன ஸ்டிக்குகள் பலவும் டால்பி டிஜிட்டல், டால்பி டிஜிட்டல் பிளஸ் இரண்டோடு நின்றுவிடும். ட்ரூஎச்டி போன்ற இழப்பில்லாத ஒலி வேண்டுமானால் அதைக் கடத்தும் பெட்டியா என்று கேட்டு வாங்குங்கள். ஓடிடி படங்களைப் பொறுத்தவரை கணினிக்கு வேலையே இல்லை. கணினியின் உலாவிக்குக் கிடைப்பதைவிட அதே பெட்டியில் உள்ள செயலிக்குப் பெரும்பாலும் நல்ல படமும் ஒலியும் கிடைக்கின்றன.

இந்த வழியால் ஆகாதது ஒன்று உண்டு: கணினியில் ஓடும் விளையாட்டு. அதற்குத் திரையையே அனுப்பியாக வேண்டும். கணினியில் சன்ஷைன், பெட்டியில் மூன்லைட் என்று இரண்டு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. திரையை அனுப்பும் வகையில் 5.1, 7.1 ஒலியை மதித்து அனுப்புபவை இவை. தம்பி விடுமுறைக்கு வந்தபோது இதை அமைத்து விளையாடினான். பின்னாலிருந்து எதிரி வரும் காலடி பின்னாலேயே கேட்டது. நான் விளையாடுகிறவன் அல்லன். விரலுக்கும் திரைக்கும் இடையிலான தாமதம் போட்டி ஆட்டங்களுக்குப் போதுமா என்பதை அதில் ஊறியவர்களிடம் கேட்பதே சரி.

சுருக்காமலே அனுப்பும் கருவிகளும் ஒரு காலத்தில் வந்தன. 60 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் வயர்லெஸ்எச்டி, 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் டபிள்யூஎச்டிஐ என்று இரு தரங்கள். இரண்டிலும் பல சேனல் ஒலிக்கு இடமிருந்தது. தாமதமும் கிட்டத்தட்ட இல்லை. முதலாவது ஒரே அறைக்குள் மட்டும்தான். அந்த அலை சுவரைத் தாண்டாது, நடுவில் ஆள் வந்து நின்றாலே தடுமாறும். நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு மாலை மட்டும் பார்த்தேன். படம் கம்பியில் வருவதுபோலவே இருந்தது, அவருடைய பெண் குறுக்கே நடந்தபோது கணநேரம் அறுந்து திரும்பியது. ஒரு மாலை அனுபவத்தை வைத்து இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இவை இப்போது கடைகளில் அரிதாகிவிட்டன. பழையதை வாங்கினால் 4கேயும், 4கே படங்களுக்கான நகல் தடுப்பு முறையான எச்டிசிபி 2.2ம் இருக்காது.

ஸ்பீக்கர்களையே கம்பியில்லாமல் ஆக்கும் விசா (WiSA) என்ற தரம் நல்லதுதான், ஆனால் அது வேறு கேள்விக்கான விடை. அப்போதும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும். பழைய வாடகை வீட்டு ஹாலில் அதற்கு எங்கே போவது?

கணினியும் ரிசீவரும் ஒரே அறையில் இருந்தால், அல்லது கதவோரமாக ஒரு கம்பியை இழுக்க முடிந்தால், மேலே சொன்ன எதுவும் வேண்டாம். செம்புக் கம்பி 5 மீட்டரைத் தாண்டினால் 4கே 60 படத்துக்குத் தகராறு செய்யத் தொடங்கும். அதற்கு மேல் ஃபைபர் எச்டிஎம்ஐ கேபிள் வாங்குங்கள். மெல்லியதாக இருப்பதால் சுவரோரத்தில் ஒட்டும் பட்டைக்குள் மறைந்துவிடும், துளை தேவைப்படாது. இரு முனைகளும் வேறு வேறு. சோர்ஸ் என்று அச்சிட்ட முனை கணினிக்கும் டிஸ்ப்ளே என்று அச்சிட்ட முனை ரிசீவருக்கும் போக வேண்டும். மாற்றிச் செருகினால் படமே வராது. பட்டையை ஒட்டுவதற்கு முன்பே இதைச் சரிபார்த்துவிடுங்கள்.