கடைமடைச் சம்பாவுக்கு வடிகாலா, எஞ்சினா?

நாகை, திருவாரூர் கடைமடையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வயலில் நிற்கும் தண்ணீருக்கு இரண்டே வழி: வாட்டம் (சரிவு) பார்த்து வெட்டிய வடிகால், இல்லையென்றால் எஞ்சின் வைத்து இறைப்பது. நாம் சாய்வது வடிகால் பக்கம்.

எஞ்சின் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். ஓர் ஏக்கரில் 10 சென்டிமீட்டர் நின்றால் சுமார் 4 லட்சம் லிட்டர். விநாடிக்கு 15 லிட்டர் தள்ளும் 5 எச்.பி. டீசல் எஞ்சினுக்கு ஏழரை மணி நேர வேலை. மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் டீசல். மறுநாளும் கொட்டினால் மறுபடி முதலிலிருந்து. வரப்பில் நண்டு வளை இருந்தால் இறைத்ததே திரும்பி வரும்.

வடிகாலை வெட்டுவது எளிது, காப்பதுதான் பாடு. வயல்மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே, 1000 அடிக்கு அரை அடி வாட்டம். கண்மதிப்பை நம்பாமல், தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் பிடியுங்கள். அவ்வளவு வாட்டம் கிடைக்காத சப்பைத் தரையில் அகலத்தைக் கூட்டுவதுதான் வழி. வாரிய களிமண்ணை விளிம்பிலேயே கொட்டினால் முதல் மழையிலேயே உள்ளே சரியும். மூன்றடி தள்ளிப் போடவேண்டும். வண்டிப்பாதைக்கு அடியில் போகும் ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்), வாய்க்கால் தரையைவிட நான்கு அங்குலம் உயர்ந்து உட்கார்ந்துவிட்டால், தண்ணீர் வரும் பக்கத்து வாய்க்காலில் நான்கு அங்குலத் தண்ணீர் எப்போதும் தேங்கும். அங்கேதான் கோரை முளைக்கும், ஆகாயத்தாமரை அடையும்.

டெல்டாவில் பல இடங்களில் பாசன வாய்க்காலே வடிகாலும். குறுவைக்குத் தண்ணீர் ஏற்ற வாய்க்காலின் குறுக்கே குச்சி நட்டுக் கட்டிய கொறம்பைப் பாதி பிடுங்கி விட்டுவிடுவார்கள். மிச்சக் குச்சியில் குப்பை சிக்கினால் போதும், மேலே பத்து வயல் மூழ்கும். நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டிக் கரையில் ஈரத்தோடு போட்டால் துண்டுக்குத் துண்டு வேர்விடும். காயவைத்து எரிக்கவேண்டும். தூர் வாருவது கீழ்முனையிலிருந்து மேல்நோக்கி, புரட்டாசிக்குள். கீழ்முனைக்காரருக்கு இதில் லாபம் குறைவு, அதனால் சி, டி பிரிவு எனப்படும் சிறு கிளை வாய்க்கால்களில் ஆள்கூலியை ஏக்கர் கணக்கில் பிரித்துவிடுவது நல்லது.

எஞ்சின் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: வடிகால் விழும் ஆறு வயலைவிட உயர்ந்து நிற்கும் நாட்கள். அப்போது வாய்முகப்பில் இரட்டைப் பலகை இறக்கி, நடுவில் களிமண் அடைத்துவிட்டு, நாற்றங்காலை மட்டும் இறைக்கலாம். நட்ட வயலில் வெள்ளம் தாங்கும் நெல் ரகமான சி.ஆர். 1009 சப்-1 இருந்தால், தூர்கட்டும் பருவத்தில் இரண்டு வாரம்வரை மூழ்கலைத் தாங்கும். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் கேரளத்துக் குட்டநாட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, அங்கே பம்புதான். உப்பு ஏறும் வேதாரண்யம் பக்கத்து நிலத்துக்கும் மேலே சொன்ன அளவுகள் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.