ரூஃப் ரெயில் மாட்டி மூன்று வருடம், கூரை மேல் ஒரு வண்டு

போன வாரம் கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "உங்க வண்டி மேல இருக்கிற ரெயில் மாதிரி நானும் போடலாம்னு இருக்கேன், எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவசரத்தில் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ரெயில், அதாவது கார் கூரையின் இரண்டு ஓரத்திலும் நீளவாக்கில் ஓடும் கம்பி, நல்லாத்தான் இருக்கிறது. அதன் குறுக்கே மாட்டிய இரண்டு பார்களைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அதனால் இப்போது முழுசாக எழுதுகிறேன்.

ரெயில் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் வண்டி ரெயில் இல்லாத மாடல். ஆனால் கூரையின் இரண்டு ஓரப் பள்ளத்திலும், பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில், போல்ட் போடும் துளைகள் வண்டி வரும்போதே இருந்தன. அதற்கென்றே செய்த ரெயிலை வாங்கி அந்தத் துளைகளிலேயே மாட்டினோம். ரப்பர் வாஷர், சுற்றிலும் சீலன்ட், கையேட்டில் போட்டிருந்த அளவுக்கு டார்க் ரெஞ்சில் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்கு. மூன்று மழைக்காலம் போய்விட்டது, உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. துளை இல்லாத வண்டியில் டிரில் போட்டு மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். துருப் பிடிப்பது ஒரு பக்கம். கர்ட்டன் ஏர்பேக் (மோதலில் ஜன்னலை மறைத்துத் திரை போல விரியும் காற்றுப்பை) உள்ள வண்டிகளில் அதை மடித்து வைத்திருப்பதே அந்தக் கூரை ஓரத்தில்தான். டேப் வைத்து ஒட்டும் ரெயில் அழகுக்கு மட்டும். அதில் ஒரு பையைக்கூடக் கட்டக் கூடாது.

வெறும் ரெயில் இருந்தவரை சத்தம் என்ற பேச்சே இல்லை. காற்று ஓடும் திசையிலேயே அது நீளவாக்கில் கிடக்கிறது, காற்றை மறிப்பதில்லை. கிராஸ் பார் போட்டபிறகுதான் வந்தது வினை.

முதல் நெடும் பயணம். வேகம் 70ஐத் தாண்டியதும் தலைக்கு மேலே "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் ஒரு ரீங்காரம். பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, "என்னடா, வண்டிக்குள்ள வண்டு பூந்துடுச்சா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் ஜன்னலை இறக்கி, துண்டால் வீசி விரட்ட ஆரம்பித்துவிட்டார். ஜன்னல் திறந்ததும் சத்தம் இன்னும் கூடியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் வண்டுதான்.

மாட்டிக் கொடுத்த இடத்தில் போய்ச் சொன்னேன். "ஆரம்பத்துல அப்படித்தான் சார் இருக்கும், ஓட ஓட சரியாயிடும்" என்றார்கள். அந்தப் பேச்சை நம்பி நான்கு மாதம் ஓட்டினேன் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். இது எஞ்சின் இல்லை, ஓடித் தேய்ந்து பதம் ஆவதற்கு. காற்று ஒரு கம்பியைத் தாண்டும்போது, கம்பிக்குப் பின்னால் மேலும் கீழுமாக மாறி மாறிச் சுழல்கள் பிரியும். ஒரு நொடிக்கு எத்தனை சுழல் பிரிகிறதோ அதுதான் காதில் சுருதியாகக் கேட்கும். 3 செ.மீ. கனமுள்ள உருண்டைக் கம்பி என்றால் 100 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 180 முறை. பலமாகக் காற்றடிக்கும்போது மின்கம்பி பாடுவதும் இதனால்தான், அது மெல்லிசு என்பதால் சுருதி ஏறிக் கேட்கும். இந்தக் கணக்கில் ஓட ஓடச் சரியாவதற்கு எதுவுமே இல்லை. வேகம் கூடக் கூட நிலைமை மோசமாகத்தான் போகும். இந்த மாதிரிக் காற்றுச் சத்தத்தின் சக்தி ஏறக்குறைய வேகத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். 80இலிருந்து 100க்குப் போனால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

ரீங்காரம் போதாதென்று, 90க்கு மேல் ஒரு விசில் வேறு. அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் ரொம்ப நாள் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். பாரின் மேல்பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடும், கேரியரை மாட்டும் போல்ட் நுழைவதற்கு. அதை மூட ஒரு ரப்பர் பட்டை கொடுத்திருப்பார்கள். மாட்டியவர் அதைத் துண்டு துண்டாக வெட்டிச் செருகியிருந்தார். முன் பாரில் இரண்டு துண்டுக்கு நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. பாட்டில் வாயில் ஊதினால் வருமே, அதே சத்தம்தான். மாஸ்கிங் டேப்பை அந்த இடைவெளி மேல் ஒட்டிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். விசில் சுத்தமாக நின்றது. பார் முனையில் இருக்கும் மூடி தொலைந்தாலும் இதே கதைதான், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விசில் மட்டும்தான் கேட்கிறது என்றால் காசு செலவழிக்கும் முன் ஒரு துண்டு டேப் போதும்.

ரீங்காரம் அவ்வளவு சுலபமாக மசியவில்லை. முன் பாரை ஒரு ஜாண் பின்னால் தள்ளினேன். கண்ணாடி மேல் ஏறி வரும் காற்று கூரை விளிம்பில்தான் வேகமாகப் பாயும், அங்கிருந்து விலகியதில் கொஞ்சம் குறைந்தது. இரண்டு பாருக்கும் நடுவே குறைந்தது எவ்வளவு தூரம் வேண்டும் என்று கையேட்டில் இருக்கும், அதை மீறக் கூடாது. அப்புறம் ஒரு நைலான் கயிற்றை முன் பாரில் கொடி சுற்றுவது போல் சாய்வாகச் சுற்றிக் கட்டினேன். சில உயரமான ஆலைப் புகைபோக்கிகளின் தலைப்பகுதியில் திருகு போலச் சுற்றிவரும் தகடு பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான் இதுவும். சுழல்கள் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் பிரிய முடியாமல் சிதறிப் போகும், சுருதி உடைந்துவிடும். வண்டு போய் வெறும் "உஸ்" என்ற காற்றுச் சத்தம் மிஞ்சியது. ஆனால் மழையிலும் வெயிலிலும் கயிறு தளர்ந்துவிடும், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இறுக்க வேண்டும். நான் விட்டுவிடுவேன், வண்டு வந்துவிடும்.

பாருக்கு உரிய நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். வீடு மாறியபோது கட்டில் சட்டம், அலமாரிக் கதவு, ஏணி எல்லாம் இதன் மேல்தான் போனது. என் வண்டிக் கையேட்டில் ஓடும்போது கூரை தாங்கும் எடை 75 கிலோ, பாரின் எடையும் அதில் சேர்த்தி. அந்தக் கணக்குக்குள் இருந்தவரை ஒரு அசைவு இல்லை. பெட்டியைக் கட்டினால் சத்தம்கூடக் குறைகிறது, வெறும் பார்தான் கத்துகிறது. கட்டும் பட்டையை மட்டும் தட்டையாக இழுக்காமல் நடுவில் ஒரு முறுக்குக் கொடுத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் அது தனியாக அதிரும். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு ஒரு கி.மீ. போல மைலேஜ் குறைந்தது. அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

பழைய ரப்பர் பட்டை வெயிலில் சுருங்கி மறுபடி இடைவெளி விட்டதால், போன சனிக்கிழமை புதுசு வாங்கி வந்தேன். மாற்றுவதற்காக இரண்டு பாரையும் கழற்றிக் கீழே வைத்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அன்று சாயங்காலம் அவசரமாக வெளியூர் கிளம்ப வேண்டியிருந்தது, பார் இல்லாமலே போனோம்.

நண்பருக்கு என் பதில் இதுதான். ரெயில் வேண்டுமானால் போடுங்கள். வருடத்துக்கு நாலு தடவை சாமான் ஏற்றுவதற்காகப் பாரை நிரந்தரமாக மேலே விட்டு வைக்காதீர்கள். தரமான பொருள்தான், சொன்னதைச் செய்தது, ஒரு நாளும் என்னைக் கைவிடவில்லை. இருந்தாலும் யாராவது கேட்டால் வேண்டாம் என்றுதான் இனிமேல் சொல்வேன். பார் இல்லாமல் போன அந்த நான்கு மணி நேரப் பயணத்தில் இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடிப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அம்மா பின் சீட்டில் ஒருமுறைகூடக் கண் விழிக்கவில்லை. பார் இரண்டும் இன்னும் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கின்றன, புது ரப்பர் பட்டை கவர்கூடப் பிரிக்காமல் பக்கத்திலேயே கிடக்கிறது.