இடது மட்கார்டு: பிக்கப்புக்கு வீட்டிலேயே வினைல் ஒட்டி, மழையும் பனியும் பார்த்த பிறகு

இதில் பாதிக்கு மேல் இடது பக்க முன் மட்கார்டைப் பற்றித்தான் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியின் மற்ற இடங்களில் ஒட்டிய வினைல் ஸ்டிக்கரை, அதாவது பெயிண்டுக்கு மேல் போர்த்துகிற பிளாஸ்டிக் ஃபிலிமை, குறை சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. போன வாரம் அது செய்த உபகாரத்துக்கு ஒரு கும்பிடுகூடப் போடலாம். ஆனால் அந்த மட்கார்டை நினைத்தால் அத்தனை நன்றியும் போய்விடுகிறது.

எழுதக் காரணம் ஒரு தம்பி. கோத்தகிரியில் செகண்ட் ஹேண்டில் பிக்கப் எடுத்திருக்கிறான். "அண்ணே, வினைல் நானே வீட்ல ஒட்டிக்கலாமா, இல்ல கோயமுத்தூர்லயே குடுத்துடட்டுமா?" என்று கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்லத்தான் பார்த்தேன். அன்றைக்கு நல்ல மழை, மட்கார்டு வேறு கண்ணில் பட்டது. வாயில் வந்ததை அவனிடம் சொல்ல முடியவில்லை.

என் வண்டி வெள்ளை பிக்கப். மேலே ஏற்றுவது கேரட், பீட்ரூட், முட்டைகோஸ். இறக்குவது மேட்டுப்பாளையம் மண்டியில். ஸ்டிக்கர் கேபினுக்கு மட்டும்தான்: பானெட், கூரை, இரண்டு கதவு, இரண்டு மட்கார்டு. பின்னால் லோடு பாடியைத் தொடவில்லை. வரிவரியான அந்தத் தகட்டில் ஒட்டிவிட்டு மேலே மூட்டையையும் கிரேட்டையும் உரசவிட்டால், ஃபிலிமுக்கு ஒரு சீசன்கூட ஆயுசு இருக்காது. எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு வேண்டிய ஒளிரும் டேப்பும், பக்கத்தில் மஞ்சளும் பின்னால் சிவப்புமாக, அங்கேதான் இருக்கிறது. அதைக் கிளறுவானேன்.

நிறத்தையும் மாற்றவில்லை. ஆர்.சி.யில் வெள்ளை, ஒட்டியதும் வெள்ளை, பளபளப்பு குறைந்த சாட்டின் வெள்ளை. தம்பிக்கு மேட் கறுப்பு ஆசை. ஆர்.சி.யில் எழுதியிருக்கிற நிறம் மாறினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் போய்ப் பதிய வேண்டும். "பெயிண்ட் இல்லைங்க சார், ஸ்டிக்கர்தான்" என்று பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வாதாடிக்கொண்டிருக்க லோடு வண்டிக்காரனுக்கு நேரம் ஏது?

ஃபிலிம் வாங்கும்போது காஸ்டா, கேலண்டர்டா என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டால் போதும். காஸ்ட் என்பது திரவமாக ஊற்றிக் காயவைத்த ஃபிலிம், வளைவில் இழைந்து படியும். த்ரீ எம் 2080, ஏவரி டென்னிசன் எஸ்.டபிள்யூ. 900 எல்லாம் அந்த ரகம். கேலண்டர்டு என்பது உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்தது. தடிமனாக இருப்பதால் "இதுதான் ஸ்ட்ராங்" என்று கடையில் கையில் கொடுப்பார்கள். பிறக்கும்போதே இழுபட்ட பொருள், வாய்ப்புக் கிடைத்தால் சுருங்கப் பார்க்கும். கடை போர்டுக்குச் சரி, மட்கார்டுக்கு ஆகாது. நான் ஒட்டியது காஸ்ட்தான். அப்படியிருந்தும் கதை இப்படி என்பதுதான் என் கோபமே.

மலையில் ஒட்டுவதற்கும் சமவெளியில் ஒட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை வீடியோ போடுகிறவர்கள் யாரும் சொல்வதில்லை. அவர்கள் எல்லாரும் வெயிலுக்குப் பயப்படுகிறார்கள். நமக்குப் பயம் ஈரம். ஒட்டுவதற்கு ஏறக்குறைய 16 முதல் 32 டிகிரி வரை வெப்பம் வேண்டும் என்று ஃபிலிம் கம்பெனிகள் சொல்கின்றன, அது காற்றுக்கு மட்டுமல்ல, தகரத்துக்கும் சேர்த்து. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். இங்கே காலையில் வெயில் அடித்தாலும் தகரம் ஜில்லென்றுதான் இருக்கும். மேகம் இறங்கினால் அதன்மேல் ஈரம் வியர்வையாகக் கோத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரத்தின்மேல் பசை பிடித்தமாதிரி நடிக்கும், ஒரு வாரம் கழித்துக் கைவிடும். அதனால் நாங்கள் ஏப்ரலில்தான் வேலையைத் தொடங்கினோம், அதுவும் காலை பத்தரைக்கு மேல். மூன்று மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிவந்தால் கத்தியை மூடிவைத்துவிட வேண்டியதுதான். ஷெட்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, உள்ளே 500 வாட் ஹாலஜன் விளக்கைத் தகரத்தைப் பார்த்து வைத்ததும் உதவியது.

கழுவுவதுதான் பாதி வேலை. சோப்புத் தண்ணீர், தார்ப்புள்ளிக்கு மண்ணெண்ணெய், அந்த எண்ணெய்ப் பசை போக மறுபடி சோப்பு, கடைசியில் ஐசோபுரோப்பில் ஆல்கஹால். பீடிங் என்கிற ஓரத்து ரப்பர் பட்டை, கைப்பிடி, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கழற்றிய இடுக்குகளில் தண்ணீர் ஒளிந்திருக்கும், சூடான காற்றை ஊதுகிற ஹீட் கன்னைக் காட்டி அதை வெளியே துரத்த வேண்டும். ஹீட் கன் 2,000 வாட் என்றால் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; வீட்டில் 15 ஆம்ப் பிளக் இருக்கிற இடத்திலிருந்து தடித்த வயர் இழுங்கள். லைட் போடுகிற சின்ன பிளக்கில் சொருகி, கருகின வாசனை வந்த பிறகு ஸ்டிக்கரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

ஆள் இரண்டு பேர் வேண்டும். எனக்கு மச்சினன் வந்தான். ஐந்தடி அகல ஃபிலிமைப் பானெட்டுக்கு மேலே ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கும்போது, "மாமா, இழுக்காதீங்க, அதுவா உக்காரும், விடுங்க" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் சொன்னது சரி. பானெட் இழுக்காமலே உட்கார்ந்தது. நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்குவீஜியால், அதாவது ஓரத்தில் ஃபெல்ட் துணி வைத்த தட்டையான பட்டையால் தள்ளினால், பசையில் இருக்கும் நுண்ணிய வாய்க்கால் வழியாகக் காற்று போய்விடுகிறது, குமிழ் நிற்பதில்லை. கதவு இன்னும் சுலபம். கூரைக்கு இரண்டு ஸ்டூல். இதெல்லாம் வீட்டில் ஒட்டுகிறவனுக்கு எட்டாத வேலையே இல்லை.

மட்கார்டு மட்டும் வேறு ஜாதி. சக்கரத்துக்கு மேலே ஒரு வளைவு, அதன் விளிம்பில் உள்பக்கமாக ஒரு மடிப்பு. ஃபிலிம் அங்கே இழுபட்டுத்தான் ஆக வேண்டும், வேறு வழி இல்லை. இழுபட்ட ஃபிலிம், மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலப் பழைய அளவுக்கே ஓடப் பார்க்கும். அதை மறக்கடிக்க, ஒட்டி முடித்த பிறகு அந்த இடத்தை 90 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும், லேசர் தெர்மாமீட்டரைக் காட்டிச் சரிபார்க்க வேண்டும். விளிம்பில் ஐந்து மில்லிமீட்டராவது உள்ளே மடித்து, மடித்த இடத்தில் பசை நன்றாகப் பிடிக்க பிரைமர் தடவ வேண்டும். இரண்டு மட்கார்டுக்கும் இதே வைத்தியம்தான் நடந்தது. வலது மட்கார்டு இன்றுவரை ஒரு நூல்கூட அசையவில்லை. இடது?

முதல் ஐப்பசி மழையில் விளிம்பு தூக்கியது. நகக்கண் அளவு. சூடுகாட்டி அழுத்தினேன், படிந்தது. அடுத்த மழையில் அதே இடம். உரித்து, துடைத்து, மறுபடி பிரைமர் போட்டு, ஓரத்தில் தண்ணீர் புகாமல் அடைக்கிற சீலர் பேனாவும் ஓட்டினேன். தையில் தூக்கியது. இந்த முறை அடியில் செம்மண் போய் உட்கார்ந்துகொண்டது. பசைமேல் மண் பட்டுவிட்டால் அந்தப் பசை செத்தது என்று அர்த்தம். இப்போது வெள்ளை மட்கார்டின் வளைவு நெடுக ஒரு சிவப்புக் கோடு. யாரோ மை தீட்டிவிட்டதுபோலக் கூட இல்லை, அழுக்காக, அழுக்காகவே இருக்கிறது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் தெரியாது. ஆனால் டீக்கடையில் நிறுத்தினால் எப்போதும் அந்தப் பக்கம்தான் என்னைப் பார்த்து நிற்கும்.

ஏன் இடது மட்டும் என்று யோசித்ததில் இவ்வளவு புரிந்தது. லோடோடு இறங்குவது எப்போதும் நாங்கள். மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. அரவேணு தாண்டிவிட்டால் எதிரே பஸ் வரும்போதெல்லாம் இடப்பக்கம் ஒதுங்கி, தார் விட்டு மண்ணில் சக்கரத்தை இறக்கி நிற்க வேண்டும். உண்ணிச்செடி அந்தப் பக்கம் முழுக்க உரசும். சக்கரம் வாரியடிக்கிற சேறும் கல்லும் நேராக அந்த மடிப்பில்தான் போய் மோதும். அப்புறம் வெப்பம். காலையில் குளிரில் விறைத்த ஃபிலிம், 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் 1,400 மீட்டருக்கு மேல் இறங்கி மேட்டுப்பாளையம் வெயிலில் நிற்கிறது. தகரமும் விரிகிறது, ஃபிலிமும் விரிகிறது, ஆனால் இரண்டும் ஒரே அளவில் இல்லை. மாலையில் மறுபடி குளிருக்கு ஏறுகிறது. கதவு மாதிரித் தட்டையான இடம் இதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே இழுபட்டு நிற்கிற விளிம்பு எத்தனை நாள் தாங்கும்?

இதற்கு மேலே வாட்டர் சர்வீஸ். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை, எல்லாக் கடையிலும் ஒரே கதைதான். சேறு எங்கே அதிகமோ அங்கே பையன் பிரஷர் கன்னை ஒட்டவைத்து அடிப்பான். ஒரு அடி தள்ளிப் பிடி, ஓரத்தில் நேராக அடிக்காதே என்று சொன்னால் தலையாட்டுவான். திரும்பி டீ வாங்கி வருவதற்குள் மட்கார்டின் உள்ளே கன் இருக்கும். இப்போது வண்டியை வீட்டிலேயே ஹோஸ் பிடித்துக் கழுவுகிறேன். ஸ்டிக்கர் ஒட்டினால் வண்டி கழுவுவது சுலபம் என்று விற்றவர் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும்.

பானெட்டும் கூரையும் கொஞ்சம் மங்கிவிட்டன. வானத்தைப் பார்த்துக் கிடக்கிற பரப்புக்குக் கதவைவிட ஆயுள் குறைவு என்பதை ஃபிலிம் கம்பெனிகளே ஒப்புக்கொள்கின்றன. வாரண்டித் தாளில் அதற்குத் தனி வரி இருக்கும். மலையில் குளிருகிறதே தவிர, உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். சாட்டின் ஃபிலிமைப் பாலிஷ் போட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியாது. அதற்காக எனக்கு வருத்தமில்லை, வண்டி என்றால் வயசாகத்தான் செய்யும்.

இன்னொன்று, பாதி சிரிப்பு பாதி எரிச்சல். தண்ணீர் பாட்டிலுக்கே தடை இருக்கிற மாவட்டம் இது. செக்போஸ்டில் டூரிஸ்ட் காரைத் திறந்து பாட்டில் தேடுகிறார்கள். பின்னாலேயே நான் வண்டி முழுக்கப் பிளாஸ்டிக்கைப் போர்த்திக்கொண்டு போகிறேன், ஒருவரும் கேட்பதில்லை. உரித்த ஃபிலிமைக் கொளுத்த மட்டும் வேண்டாம். அது பி.வி.சி., எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும்.

சரி, அந்த உபகாரம். போன வாரம் குஞ்சப்பனைக்கு மேலே பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது ரோட்டோரத் தடுப்புக் கம்பி இடது கதவை நீளமாக இழுத்துவிட்டது. இறங்கிப் பார்த்தபோது டிங்கரிங் செலவுதான் கண்முன் நின்றது. வீட்டில் ஹீட் கன்னைக் காட்டி மெதுவாக உரித்தேன், கிட்டத்தட்டக் கதவோடு படிந்த கோணத்தில், அவசரப்படாமல். பசை ஒட்டாமல் மொத்தமாகக் கையோடு வந்தது. அடியில் கதவு ஷோரூமிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோலவே இருந்தது. உண்ணிச்செடி கீறிய கீறல், கல் தெறித்த புள்ளி, எல்லாம் ஃபிலிமோடு போய்விட்டன. கம்பி அழுத்திய ஒரே ஒரு இடத்தில் மட்டும் லேசான நெளிவு, பெயிண்ட் உரியவில்லை. வீட்டில் மிச்சம் வைத்திருந்த துண்டை ஒட்டினேன். பக்கத்துப் பரப்பைவிடப் புதுத்துண்டு சற்று வெளுப்பாகத் தெரிகிறது, பரவாயில்லை. வண்டிக்கு நான் செய்த எதுவும் இவ்வளவு கண்கூடாகப் பலன் தந்ததில்லை.

இதைப் படித்துவிட்டுத் தம்பி நாளைக்கே ரோல் ஆர்டர் போடுவான், தெரியும். அவன் வண்டியின் வலது கதவைத் தட்டிப் பார்த்தேன், மொத்தென்று சத்தம் வருகிறது. பட்டி போட்டு மறுபெயிண்ட் அடித்த கதவு அது. அதன்மேல் ஒட்டி நாளைக்கு உரித்தால் ஃபிலிமோடு பெயிண்டும், சில இடத்தில் பட்டியும் சேர்ந்து வரும். கம்பெனி பெயிண்ட் இருக்கிற வண்டிக்குத்தான் நான் சொன்ன சந்தோஷமெல்லாம். துருப்பிடித்த விளிம்பின்மேலும் ஒட்டக்கூடாது. உள்ளே துரு நிம்மதியாக வளரும்.

என் மார்க் பத்துக்கு நாலு. கதவுக்கு ஒன்பது கொடுக்கத்தான் வேண்டும், பானெட்டுக்கு ஏழு கொடுக்கலாம். கூட்டி வகுத்தால் நாலு வராது என்று மச்சினன் சொல்கிறான். அவன் அந்தச் செம்மண் கோட்டைப் பார்த்துக்கொண்டு டீ குடித்ததில்லை. வருகிற ஏப்ரலில் மட்கார்டுக்கென்று இன்னும் ஒன்றரை மீட்டர் வாங்கப்போகிறேன். இந்த முறை மடிப்புவரை போகாமல், விளிம்புக்கு ஒரு அங்குலம் மேலேயே வெட்டி, கீழே கறுப்பு ரப்பர் பீடிங் போட்டு மூடிவிடும் யோசனை.

தம்பி, உனக்கு என் பதில்: வேண்டாம், பெயிண்டே அடி. கேட்க மாட்டாய் என்றால் ஹீட் கன், ஸ்குவீஜி, தெர்மாமீட்டர் எல்லாம் வீட்டில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள். ஸ்டூல் மட்டும் நீயே கொண்டுவா, என்னுடையது ஒரு கால் ஆடுகிறது.